300 ரிஜெக்ட் எஞ்சின்களும் ஒரு பிடிவாதக்காரரும்



இந்தக் கட்டுரையை ஒரு குற்ற ஒப்புதலோடு தொடங்கணும். போன வருஷம் நம் கண்காட்சியில் எங்கள் குழு ஒரு பழைய டூ ஸ்ட்ரோக் எஞ்சினை ஓட்டிக் காட்டியது உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். பழைய இரும்புக் கடையில் வாங்கி, மண்ணெண்ணெயில் கழுவி, சிவப்புப் பெயின்ட் அடித்து, சைலன்சரைக் கழற்றிவிட்டு ஓட்டினோம். என்ன சத்தம்! என்ன கைதட்டல்! சரியாக 4 நிமிஷம் ஓடியது. அப்புறம் கிறீச்சென்று ஒரு சத்தம். பிஸ்டன் பிடித்துக்கொண்டு நின்றுபோனது. நல்லவேளை, அதற்குள் நடுவர்கள் அடுத்த மேஜைக்கு நகர்ந்துவிட்டார்கள். எங்களுக்கு மூன்றாம் பரிசு கிடைத்தது! ஐந்தாவது நிமிஷத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நாங்களும் வாயைத் திறக்கவில்லை.

அந்த ஐந்தாவது நிமிஷத்தைப் பற்றியே வாழ்நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு மனிதரின் கதையைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். அவர் பெயர் எல்மர் கார்ல் கீக்ஹேஃபர். உலகத்துப் படகோட்டிகள் அறிந்த மெர்க்குரி எஞ்சின்களின் தந்தை.

பண்ணை வீட்டுப் பையன்

அமெரிக்காவின் வடக்கே விஸ்கான்சின் மாநிலம். ஏரிகளும் பால் பண்ணைகளும் நிறைந்த பூமி. அங்கே மெக்வான் என்ற ஊரில் 1906ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் தேதி ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார் கார்ல். பக்கத்துப் பெருநகரம் மில்வாக்கி. படகின் பின்பலகையில் மாட்டி ஓட்டுகிற அவுட்போர்டு மோட்டாரை, ஓலே எவின்ரூடு என்பவர் 1909இல் வியாபாரமாகவே தொடங்கியது அந்த மில்வாக்கியில்தான். ஆக, எஞ்சின் வாசனை அடிக்கிற ஊர்ப் பக்கம் வளர்ந்த பையன் இவர்.

பெரிய பட்டம் எதுவும் கார்லிடம் கிடையாது. டிராஃப்டிங் போர்டு, டி-ஸ்கொயர், பென்சில்... நம்மைப் போலத்தான் ஆரம்பித்தார். மில்வாக்கியில் காந்தக் கருவிகள் செய்யும் ஸ்டேர்ன்ஸ் மேக்னெட்டிக் என்ற கம்பெனியில் வேலை பார்த்தார். பொருளோடு கலந்துவிட்ட இரும்புத் துகளைக் காந்தத்தால் பிரித்தெடுக்கிற மெஷின், காந்த கிளட்ச், காந்த பிரேக் என்று அங்கே கற்றுத் தேர்ந்தார். எஞ்சின் என்பது அப்போது அவர் கனவில்கூட இல்லை!

வேண்டாத சொத்து

1939 ஜனவரி. சீடர்பர்க் என்ற சிற்றூரில் நொடித்துப்போன ஒரு சின்னத் தொழிற்சாலை விலைக்கு வந்தது. தந்தையின் பண உதவியோடு கார்ல் அதை வாங்கினார். சொந்தமாகக் காந்தக் கருவிகள் செய்ய வேண்டும் என்பதுதான் திட்டம். உள்ளே போய்ப் பார்த்தால் சுமார் 300 அவுட்போர்டு மோட்டார்கள் அடுக்கிக் கிடக்கின்றன! மாண்ட்கமரி வார்டு என்ற பெரிய தபால் வழி வியாபாரக் கம்பெனி, சரியாக ஓடவில்லை என்று ரிஜெக்ட் செய்த சரக்கு.

நாமாக இருந்தால் என்ன செய்வோம்? எடைக்குப் போட்டுவிட்டு இடத்தைக் காலி செய்வோம். கார்லுக்கும் உடனடியாகப் பணம்தான் தேவை. ஆனால் அவர் அந்த 300-ஐயும் பிரித்தார். எங்கே கோளாறு, ஏன் கோளாறு என்று பார்த்தார். தேவைப்பட்டதை மாற்றியமைத்து மறுபடி பூட்டி, ரிஜெக்ட் செய்த அதே கம்பெனிக்கே அனுப்பினார். மோட்டார்கள் ஓடின. அந்தக் கம்பெனி மேலும் வேண்டும் என்று ஆர்டர் கொடுத்தது!

காந்தம் செய்ய வந்தவர் எஞ்சின்காரர் ஆனது இப்படித்தான். அவருடைய முதல் பாடப்புத்தகம் அடுத்தவர் செய்த 300 தவறுகள். ஒரு எஞ்சின் எப்படி ஓடுகிறது என்று கற்றுக்கொள்வதற்கு முன்னால், எப்படி நின்றுபோகிறது என்று கற்றுக்கொண்டார். அவருடைய வாழ்க்கை முழுக்க இந்த வரிசை மாறவே இல்லை.

1940இல் தாமே வடிவமைத்த மோட்டார்களோடு நியூயார்க் படகுக் கண்காட்சிக்குப் போனார். ரோமானியரின் வேகத் தூதுவனாகிய தெய்வத்தின் பெயரை வைத்தார்: மெர்க்குரி. 16,000 மோட்டார்களுக்கு ஆர்டரோடு ஊர் திரும்பினார்!

படகு எஞ்சின் என்றால் சும்மாவா?

இங்கே கொஞ்சம் தெர்மல் லேப் பக்கம் போய்விட்டு வருவோம். கார் எஞ்சினையோ பைக் எஞ்சினையோ படகில் மாட்டினால் போதாதா என்று ஜூனியர் தம்பிகள் கேட்கலாம். போதாது. மூன்று காரணம் சொல்கிறேன்.

முதலாவது, படகுக்கு இறக்கமே கிடையாது. கார் சமதரையில் நிதானமாகப் போகும்போது எஞ்சின் தன் முழுச் சக்தியில் ஒரு சிறு பங்கைத்தான் கொடுக்கிறது. இறக்கத்தில் ஓய்வுகூட எடுத்துக்கொள்ளும். தண்ணீரில் அந்தச் சலுகை இல்லை. புரொப்பெல்லரின் ஆர்.பி.எம். இரட்டிப்பானால் தேவைப்படும் சக்தி ஏறக்குறைய எட்டு மடங்காகிறது. வேகப் படகு என்றால் மணிக்கணக்கில் முழு திராட்டில்தான். எந்நேரமும் மேட்டில் ஏறிக்கொண்டிருக்கிற லாரி மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, அலை. படகு அலையிலிருந்து துள்ளும்போது புரொப்பெல்லர் தண்ணீரை விட்டு வெளியே வந்துவிடும். லோடு திடீரென்று காணாமல் போகும், ஆர்.பி.எம். எகிறும். மறுநொடி படகு தண்ணீரில் அறையும்போது மொத்த லோடும் ஒரே அடியாக ஷாஃப்ட்டிலும் கியரிலும் விழும். கூடவே துரு, உப்புத் தண்ணீராக இருந்தால் சொல்லவே வேண்டாம்.

மூன்றாவதுதான் நம் சிவப்பு எஞ்சினைக் கொன்றது: எண்ணெய். அந்தக் கால டூ ஸ்ட்ரோக்கில் தனியாக ஆயில் சம்ப் கிடையாது. பெட்ரோலோடு கலந்த எண்ணெய் பனி மாதிரி கிராங்க் கேஸில் படிகிறதே, அதுதான் மொத்த லூப்ரிகேஷனும். புஷ் பேரிங்குக்கு விட்டுப்போகாத எண்ணெய்ப் படலம் வேண்டும். இந்தப் பனியை வைத்துக்கொண்டு அதிக லோடில் அது ரொம்ப நேரம் தாங்காது. பால் பேரிங்கும் ரோலர் பேரிங்கும் கொஞ்சம் எண்ணெயிலேயே சமாளிக்கும்.

கீக்ஹேஃபர் பிடித்த இடம் இதுதான். விலை கூடினாலும் பரவாயில்லை என்று தன் மோட்டார்களில் சுழலுகிற இடமெல்லாம் பால், ரோலர் பேரிங் போட்டார். கைக்கடிகாரத்தில் ரத்தினக் கல் பேரிங் இருப்பதோடு ஒப்பிட்டு அதையே விளம்பரமாகவும் செய்தார். உராய்வு குறைந்ததால் வேகமும் கூடியது. தேய்மானம் குறைந்ததால் ஆயுளும் கூடியது. வேகம் வேண்டுமா, ஆயுள் வேண்டுமா என்று எல்லாரும் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தபோது, இரண்டுக்கும் எதிரி ஒன்றேதான் என்று கண்டுகொண்டவர் அவர்.

போரும் போட்டியும்

இரண்டாம் உலகப் போர் வந்ததும் அலுமினியம் ராணுவத்துக்குப் போய்விட்டது. பொழுதுபோக்குப் படகுக்கு மோட்டார் செய்ய வழியில்லை. கீக்ஹேஃபர் அசரவில்லை. இரண்டு பேர் பிடித்து மரம் அறுக்கும் செயின் சா எஞ்சின்களை ராணுவத்துக்குச் செய்துகொடுத்தார். சேறு, குளிர், பழக்கமில்லாத கைகள், எந்நேரமும் முழு திராட்டில்... ஒரு சிறிய எஞ்சினுக்கு இதைவிடக் கடுமையான பரீட்சை உண்டா?

போர் முடிந்ததும் ஃபாண்டு லாக் என்ற ஊரில் பெரிய தொழிற்சாலை எழுந்தது. 1947இல் லைட்னிங் என்ற மோட்டார் வந்தது. பட்டயத்தில் 10 குதிரைத்திறன் என்று போட்டிருந்தது. தண்ணீரில் இறக்கினால் அதற்கும் மேலே இழுத்தது! பந்தயக்காரர்கள் விடுவார்களா? 1949இல் நான்கு சிலிண்டரில் 25 குதிரைத்திறன் கொண்ட தண்டர்போல்ட் வந்தது. பந்தயத்துக்கென்றே கிவிக்சில்வர் என்ற கீழ்ப்பகுதியையும் விற்றார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தில் எது உடைந்ததோ அது திங்கட்கிழமை தொழிற்சாலை மேஜைக்கு வந்தது. பந்தயம் அவருக்கு விளம்பரம் மட்டுமல்ல, செலவு குறைந்த டெஸ்ட் லேப்!

1957இல் மார்க் 75. ஆறு சிலிண்டர்களும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே வரிசையில். 60 குதிரைத்திறன். இதில் வேடிக்கை என்னவென்றால் ரிவர்ஸ் கியர் கிடையாது. பின்னால் போக வேண்டுமா? எஞ்சினை நிறுத்தி எதிர்ப்பக்கம் சுற்றும்படி ஸ்டார்ட் செய்யணும்! டூ ஸ்ட்ரோக்கில் போர்ட்டுகளைத் திறந்து மூடுவது பிஸ்டன்தானே. அதற்கு வலமும் ஒன்றுதான், இடமும் ஒன்றுதான். வைவாவில் கேட்டால் சொல்ல வசதியாக இருக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். அதே ஆறு சிலிண்டர் பரம்பரை 1962இல் 100 குதிரைத்திறனைத் தொட்டது. அவுட்போர்டு உலகில் அது முதல் முறை.

தரையிலும் ஒரு கை

நடுவில் இரண்டு வருஷம் கார் பந்தயத்திலும் இறங்கினார். நாஸ்கார் பந்தயங்களில் அவருடைய கிரைஸ்லர் 300 கார்கள் 1955இல் டிம் ஃப்ளாக்குக்கும், 1956இல் பக் பேக்கருக்கும் சாம்பியன் பட்டம் வாங்கித்தந்தன. 1956இல் தொடர்ந்து 16 பந்தயங்களில் அவர் அணிக்கே வெற்றி!

ரகசியம் என்ன? மற்றவர்கள் பந்தயத்துக்கு முந்தின நாள் ஸ்பானரைத் தேடிக்கொண்டிருந்தபோது, இவருடைய ஆட்கள் சீருடையில் வந்து வானிலையைக் குறித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் குறிப்பேடு. மண் டிராக்கில் தூசி எஞ்சினைத் தின்கிறது என்று தெரிந்ததும் மடிப்புக் காகித ஏர் ஃபில்டருக்கு மாறினார். பிற்காலத்தில் சாதாரணக் கார்களிலெல்லாம் வந்துவிட்ட சங்கதி இது.

ஆனால் ஒருவரே ஜெயித்துக்கொண்டிருந்தால் ஜனங்களுக்குப் பிடிக்குமா? மைதானத்தில் கூச்சல் போட்டார்கள். இந்த வெறுப்பு மோட்டார் வியாபாரத்தைப் பாதித்துவிடும் என்று 1956 முடிவில் கார் பந்தயத்துக்கே கும்பிடு போட்டார்.

எக்ஸ் ஏரியில் 34 நாள்

இப்போது கதையின் உயிர்நாடிக்கு வருவோம்.

புது மார்க் 75 வேகமான எஞ்சின் என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். ஆனால் ஆறு சிலிண்டர், இவ்வளவு ஆர்.பி.எம்... தாங்குமா என்ற சந்தேகம் இருந்தது. வேகத்தை ஒரு நிமிஷத்தில் நிரூபிக்கலாம். தாங்கும் என்பதை எப்படி நிரூபிப்பது? ஓட்டித்தான் காட்டணும். வேறு வழியில்லை.

ஃபுளோரிடாவில் செயின்ட் கிளவுடு என்ற ஊருக்குப் பக்கத்தில், சதுப்பும் காடும் சூழ்ந்த ஓர் ஏரியை அவர் பிடித்திருந்தார். கான்லின் ஏரி என்பது அதன் உண்மையான பெயர். போட்டிக் கம்பெனி ஆட்கள் மோப்பம் பிடித்துவிடக் கூடாதென்று அதற்கு எக்ஸ் ஏரி என்றே பெயர் வைத்தார். விஸ்கான்சினில் குளிர்காலம் வந்தால் ஏரிகள் உறைந்துவிடும்; இங்கே வருஷம் முழுக்க ஓட்டலாம்.

1957 செப்டம்பரில் அங்கே இரண்டு படகுகள் கிளம்பின. ஒவ்வொன்றிலும் ஒரு மார்க் 75. பூமியின் சுற்றளவான 25,000 மைல், அதாவது சுமார் 40,000 கிலோமீட்டர் தூரத்தை ஏரிக்குள்ளேயே சுற்றிச்சுற்றி முடிக்க வேண்டும். இதற்கு ஆபரேஷன் அட்லஸ் என்று பெயர். கம்பெனி ஆளே கணக்குச் சொன்னால் யார் நம்புவார்கள்? அதனால் யு.எஸ். ஆட்டோ கிளப் என்ற வெளி அமைப்பின் கண்காணிப்பில் ஓட்டம் நடந்தது. எரிபொருள் தீர்ந்தால்? படகு ஓடிக்கொண்டிருக்கும்போதே நிரப்பினார்கள். இரவு, பகல், மழை, மூடுபனி எல்லாவற்றிலும் அந்த எஞ்சின்களின் சத்தம் ஏரியில் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஏறத்தாழ 34 நாட்களில் 25,000 மைல் முடிந்தது. சராசரி வேகம் மணிக்கு 30 மைல். அத்தோடு விட்டாரா மனிதர்? இன்னொரு உலகம் சுற்றச் சொன்னார்! மொத்தம் 50,000 மைல்.

நண்பர்களே, கால்குலேட்டரை எடுங்கள். 34 நாள் என்றால் 800 மணி நேரத்துக்கு மேல். நிமிஷத்துக்கு 4,000 சுற்று என்று வைத்துக்கொண்டால்கூட ஏறக்குறைய 20 கோடிச் சுற்றுகள். டூ ஸ்ட்ரோக்கில் சுற்றுக்கு ஒரு தடவை தீப்பொறி. ஒரு சிலிண்டரில் 20 கோடி வெடிப்பு! அதில் ஒவ்வொன்றுக்கும் அந்தப் பிஸ்டன், அந்த ரிங், அந்தப் பேரிங் ஈடுகொடுத்திருக்கிறது. முதல் பாதிக்கு மட்டும் இந்தக் கணக்கு. எங்கள் எஞ்சினின் 4 நிமிஷத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சிரிப்பும் வந்தது, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

ஏரியில் இரண்டு படகுகள் வட்டமடிப்பதில் பார்க்க என்ன இருக்கிறது? கைதட்ட ஆளில்லை. ஆனால் கரையிலிருந்து பல மைல் தள்ளிப்போன ஒரு குடும்பத்தை மோட்டார் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பது இப்படிப்பட்ட அலுப்பான வட்டங்களால்தான். கார் நின்றால் இறங்கித் தள்ளலாம். கடலில் எஞ்சின் நின்றால் எங்கே இறங்குவது?

மறுபக்கம்

பெரியவர்களின் வாழ்க்கையை எழுதும்போது நாம் குறைகளை விட்டுவிடுகிறோம். அது சரியல்ல என்று எனக்குத் தோன்றுகிறது.

எஞ்சின்களிடம் கீக்ஹேஃபர் காட்டிய பொறுமையில் பாதியைக்கூட மனிதர்களிடம் காட்டவில்லை. ராத்திரி பகல் பாராமல் உழைப்பார். மற்றவர்களும் அப்படியே இருக்க வேண்டும் என்பார். கோபம் வந்தால் புயல்தான். நல்ல நல்ல எஞ்சினியர்கள் அவரிடம் வேலை கற்றுக்கொண்டார்கள். பலர் தாங்க முடியாமல் வெளியேறினார்கள்.

அதற்கு ஒரு விலையும் கொடுத்தார். எஞ்சினைப் படகுக்குள் வைத்து, புரொப்பெல்லர் காலை மட்டும் பின்பலகைக்கு வெளியே தொங்கவிடுகிற ஸ்டெர்ன் டிரைவ் யோசனை அவரிடம் வேலை பார்த்த சார்லி ஸ்ட்ராங் என்ற எஞ்சினியரிடம் இருந்தது. கீக்ஹேஃபர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவுட்போர்டு இருக்க இது எதற்கு என்பது அவர் எண்ணம். அவரிடமிருந்து விலகிய ஜிம் வின் என்பவர் அதே யோசனைக்கு உருக்கொடுத்தார். 1959 நியூயார்க் கண்காட்சியில் அது வோல்வோ பென்டா என்ற போட்டிக் கம்பெனியின் பெயரில் வந்து நின்றது! பிறகு அவசர அவசரமாக மெர்குரூசர் என்று தன் ஸ்டெர்ன் டிரைவை 1961இல் கொண்டுவந்தார். பின்னாளில் அது பெரிய வெற்றி பெற்றது என்பது வேறு விஷயம். ரிஜெக்டான 300 எஞ்சின்களைப் பிரித்துப் பார்த்தவர், தன் ஆள் நீட்டிய ஒரு படத்தைப் பிரித்துப் பார்க்கவில்லையே!

அதே 1961இல் கம்பெனி பிரன்ஸ்விக் என்ற பெரிய நிறுவனத்தோடு இணைந்தது. தலைவர் நாற்காலி அவருக்கே இருந்தாலும் சொல்லுக்கு மேலே இன்னொரு சொல் வந்துவிட்டது. தனிக்காட்டு ராஜாவாக இருந்தவருக்கு இது ஒத்துவருமா? 1970 தொடக்கத்தில், தான் பெற்று வளர்த்த மெர்க்குரியை விட்டு வெளியேறினார். அப்போது வயது 63.

மறுபடி முதல் பக்கம்

அந்த வயசில் எல்லாரும் சாய்வு நாற்காலி தேடுவார்கள். அவர் அதே ஃபாண்டு லாக் ஊரில் கீக்ஹேஃபர் ஏரோமரைன் என்று புதுக் கம்பெனி தொடங்கினார். இம்முறை குறி கடல் பந்தயம். திறந்த கடலில், ஆள் உயர அலைகளில் பறந்து பறந்து விழும் படகுகளுக்குப் பெரிய வி8 எஞ்சின்கள், அவற்றுக்கு ஈடுகொடுக்கும் டிரைவ்கள். நாம் மேலே பார்த்த அந்த மூன்று தொல்லைகளும் அங்கே பத்து மடங்கு. பாதிப் படகுகள் முடிவுக்கோட்டையே பார்க்காத பந்தயங்களில், ஓடி முடிப்பதுதான் ஜெயிப்பதற்கு முதல் படி. இத்தாலியரான கார்லோ பொனோமி 1973லும் 1974லும் உலகக் கடல் பந்தயச் சாம்பியன் ஆனபோது அவர் படகுகளில் இருந்தவை ஏரோமரைன் எஞ்சின்களே.

1983 அக்டோபர் 5ஆம் தேதி, தம் 77ஆம் வயதில் கார்ல் கீக்ஹேஃபர் காலமானார். அந்த எஞ்சின் அன்றுதான் ஓய்வெடுத்தது.

நமக்கு என்ன?

டிப்ளமோதானே என்று நம்மை நாமே குறைத்துக்கொள்கிற வழக்கம் நமக்கு உண்டு. கீக்ஹேஃபரிடம் அதுகூட இல்லை. அவரிடம் இருந்தது ஒரு கேள்வி: இது ஏன் நின்றது? அந்தக் கேள்வியை 300 தடவை கேட்கிற பொறுமை. பதில் கிடைக்கிற வரை பெயின்ட் டப்பாவைத் திறக்காத ரோஷம். அவருடைய கோபத்தை விட்டுவிடுவோம். இந்தக் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

எங்கள் சிவப்பு எஞ்சின் இன்றும் லேப் மூலையில் சாக்குப்பையைப் போர்த்திக்கொண்டு கிடக்கிறது. பரிசுக் கோப்பை துறை அலமாரியில் பளபளக்கிறது. போன மாதம் நாங்கள் நாலு பேரும் அந்த எஞ்சினின் சிலிண்டரைக் கழற்றினோம். பிஸ்டனின் ஒரு பக்கம் மட்டும் நெடுகக் கோடு கோடாகச் சிராய்ந்திருந்தது. எண்ணெய் போதாமையா, கிளியரன்ஸ் தப்பா, குளிர்ச்சி எட்டவில்லையா என்று இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். ஆனால் ஒன்று நிச்சயம். எஞ்சினை ஓட்டிக் காட்டிய அந்த 4 நிமிஷத்தில் கற்றதைவிட, அது நின்றுபோன காரணத்தைத் தேடுகிற இந்த ஒரு மாதத்தில் அதிகம் கற்றிருக்கிறோம்.

அடுத்த கண்காட்சிக்கு நாங்கள் பாஸாகிப் போயிருப்போம். எஞ்சினை ஜூனியர் தம்பிகளிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறோம். பெயின்ட் போனால் போகட்டும் தம்பிகளே... ஐந்தாவது நிமிஷம் ஓடட்டும்!



– இறுதியாண்டு மெக்கானிக்கல் மாணவன்